இறந்தவர் மேல் விழுந்த பழியைப் போக்க: பிரிட்டனில் மன்னிப்பு கேட்கும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"மன்னிப்பு" என்ற சொல்லிலேயே பல குடும்பங்கள் இடறி நின்றுவிடுகின்றன. "எங்க தாத்தா என்ன தப்பு செஞ்சார், அவரை மன்னிக்கிறதுக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தமிழில் தப்பு செய்தவரைத்தான் மன்னிப்போம். செய்யாத குற்றத்துக்காகத் தூக்கில் போட்டுவிட்டு, ஐம்பது வருடம் கழித்து "மன்னித்தோம்" என்று அரசாங்கம் சொன்னால் அது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போலத்தான் இருக்கும். ஆனால் பிரிட்டிஷ் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கிறது. விண்ணப்பத் தாளைத் தொடுவதற்கு முன் அதைப் புரிந்துகொண்டால் பல வருட அலைச்சல் மிச்சமாகும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் குடும்பங்களோடு உட்கார்ந்து பழைய கோப்புகளைப் படித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துவது. ஸ்காட்லாந்தில் சட்டமும் தனி, தீர்ப்பு தவறு என்ற புகார்களை ஆராயும் மறுஆய்வு ஆணையமும் தனி. கிளாஸ்கோவில் இருக்கும் அந்த ஆணையத்திடம்தான் அங்குள்ளவர்கள் போக வேண்டும்.

முதல் வேலை: எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று அரச மன்னிப்பு. மன்னரின் கருணை அதிகாரத்தின் கீழ் நீதித்துறை அமைச்சரின் பரிந்துரைப்படி தரப்படுவது இது. ராணுவ வழக்கானால் பாதுகாப்பு அமைச்சர் பரிந்துரைப்பார். மற்றொன்று தீர்ப்பு ரத்து. இதை மேல்முறையீட்டு நீதிமன்றம் மட்டும்தான் செய்ய முடியும்.

மன்னிப்பு தண்டனையின் விளைவுகளை நீக்கும். குற்றத்தீர்ப்பு மட்டும் ஏட்டில் அப்படியே இருக்கும். முழு மன்னிப்பு கிடைத்தாலும் தீர்ப்பு தானாக அழிந்துவிடாது என்று 1980களிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "இவர் குற்றவாளி" என்ற வரியை அடித்துவிட வேண்டுமானால் ரத்துதான் வழி.

இந்த வித்தியாசம் ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பதற்கு டெரெக் பென்ட்லியின் வழக்கைப் பாருங்கள். 1952 நவம்பரில் லண்டனுக்குத் தெற்கே குராய்டனில் ஒரு கிடங்கின் கூரையில் சிட்னி மைல்ஸ் என்ற போலீஸ்காரர் சுடப்பட்டு இறந்தார். சுட்டவன் கிறிஸ்டோபர் கிரெய்க். அவனுக்கு வயது 16. சிறுவன் என்பதால் அவனைத் தூக்கிலிட முடியாது. கூடப் போயிருந்த பென்ட்லிக்கு வயது 19. அறிவு வளர்ச்சி குன்றியவன். துப்பாக்கி வெடித்த நேரத்தில் ஏற்கனவே போலீஸ் பிடியில் இருந்தான். 1953 ஜனவரி 28 அன்று வாண்ட்ஸ்வர்த் சிறையில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

அக்கா ஐரிஸ் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் போராடினார். 1993இல் மன்னிப்பு கிடைத்தது. ஆனால் அது தண்டனையை மட்டும் பற்றியது. தூக்கிலிட்டிருக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டார்கள், குற்றவாளி என்ற தீர்ப்பை விட்டுவைத்தார்கள். ஐரிஸுக்கு அது போதவில்லை, யாருக்குமே போதாது. ஒருவழியாக 1998 ஜூலை 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பையே ரத்து செய்தது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே ஐரிஸ் இறந்துவிட்டார். கடைசிக் கட்டத்தை நடத்தி முடித்தது அவருடைய மகள்.

திமோத்தி எவன்ஸின் கதை இன்னும் வேதனையானது. தன் பச்சைக் குழந்தையைக் கொன்றதாக 1950 மார்ச் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். மூன்று வருடம் கழித்து, அதே வீட்டில் குடியிருந்தவரும் அரசுத் தரப்பின் முக்கியச் சாட்சியுமான ஜான் கிறிஸ்டி பல பெண்களைக் கொன்றவர் என்று தெரியவந்தது. 1966இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள். ஆனால் தீர்ப்பை ரத்து செய்யும் முயற்சி 2004இல் உயர் நீதிமன்றத்தில் நின்றுபோனது. அவர் நிரபராதி என்பதை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். அவர் பெயர் ஏற்கனவே துடைக்கப்பட்டுவிட்டது, இதற்கு மேல் செலவு செய்வது நியாயமில்லை என்ற மறுஆய்வு ஆணையத்தின் முடிவில் அவர்கள் தலையிடவில்லை. அதாவது முதலில் வாங்கிய மன்னிப்பே பிறகு ரத்துக்குத் தடையாக நின்றது.

அதனால் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். "அவர் அதைச் செய்யவே இல்லை" என்பது உங்கள் நிலையா? அப்படியானால் ரத்துக்குத்தான் போக வேண்டும். "செய்தார், ஆனால் அந்தத் தண்டனை அநியாயம்", அல்லது "செய்தார், ஆனால் அது குற்றமாகவே இருந்திருக்கக் கூடாது" என்பதா? அப்படியென்றால் மன்னிப்புதான் பொருத்தம். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம்.

ஏற்கனவே ஒரு சட்டம் உங்களுக்காக இருக்கிறதா என்று பாருங்கள்

சில அநியாயங்களுக்கு நாடாளுமன்றமே மொத்தமாகச் சட்டம் போட்டுவிட்டது. உங்கள் உறவினர் அதற்குள் வந்தால் தனியாக விண்ணப்பிக்கவே தேவையில்லை.

முதல் உலகப் போரில் கோழைத்தனம், படையை விட்டு ஓடுதல், காவலில் உறங்குதல் போன்ற குற்றங்களுக்காகத் தங்கள் ராணுவமே சுட்டுக்கொன்ற வீரர்களுக்கு 2006ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம், 359ஆம் பிரிவின் மூலம் மன்னிப்பு கொடுத்தது. பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்களில் 306 பேர் இதில் அடங்குவார்கள். கொலைக்காகச் சுடப்பட்டவர்கள் சேர மாட்டார்கள். நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: 1911ஆம் ஆண்டின் இந்திய ராணுவச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட சிப்பாய்களுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். முப்பாட்டன் அந்தப் போரில் இந்தியப் படையில் இருந்தார், திரும்பி வரவில்லை, ஏன் என்று யாரும் வாய் திறப்பதில்லை என்ற கதை உங்கள் வீட்டில் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். அதே பிரிவில் ஒரு துணை விதியும் உண்டு. இந்த மன்னிப்பு தீர்ப்பையோ தண்டனையையோ மாற்றாது, இதனால் எந்த உரிமையும் பிறக்காது என்று அது சொல்கிறது. மேலே சொன்ன வித்தியாசம் இங்கேயும் எழுத்தில் இருக்கிறது.

அடுத்தது, ஒருபால் உறவுக்காகத் தண்டிக்கப்பட்ட கணிதவியலாளர் ஆலன் டியூரிங்கின் பெயரால் மக்கள் அழைக்கும் சட்டம். ஒருபால் உறவு குற்றமாக இருந்த காலத்தில் தண்டிக்கப்பட்டு இறந்துபோன ஆண்களுக்கு 2017 ஜனவரி முதல் தானாகவே மன்னிப்பு உண்டு. இன்றும் குற்றமாக இருக்கும் செயல்கள் இதில் சேராது.

மூன்றாவது, தபால் நிலைய வழக்குகள். ஹொரைசன் என்ற கணினி அமைப்பின் பிழையால் கணக்கில் பணம் குறைந்ததாகக் காட்டி, 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்களைத் தண்டித்தார்கள். அவர்களில் தெற்காசியக் குடும்பங்கள் நிறைய. 2024 மே 24 அன்று நிறைவேறிய சட்டம், அஞ்சலக நிறுவனமும் அரசு வழக்குத் துறையும் தொடுத்த அத்தகைய வழக்குகளின் தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. இது மன்னிப்பு அல்ல, முழு ரத்து. இறந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் முன்பே விசாரித்துத் தள்ளிவிட்ட வழக்குகள் இதில் வராது. ஓய்வூதியத் துறை தொடுத்த வழக்குகளும் வராது. அப்படிப்பட்ட குடும்பங்கள் கீழே சொல்லும் வழியில் தனியாகப் போக வேண்டும்.

யார் கேட்கலாம்

இறந்தவர் சார்பில் மேல்முறையீடு செய்ய 1968ஆம் ஆண்டின் குற்றவியல் மேல்முறையீட்டுச் சட்டத்தில் 44ஏ என்ற பிரிவு இருக்கிறது. மனைவி அல்லது கணவர், சொத்தைக் கவனிக்கும் சட்டப் பிரதிநிதி, அல்லது குடும்ப உறவால் இந்த வழக்கில் உண்மையான அக்கறை உள்ளவர் என நீதிமன்றத்துக்குத் தோன்றும் ஒருவர் அனுமதி கேட்கலாம். இறந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்பது கெடு.

கெடு தாண்டிப் பல காலம் ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். குற்ற வழக்குகள் மறுஆய்வு ஆணையம் வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பினால் இந்த ஒரு வருடக் கெடு கிடையாது. சி.சி.ஆர்.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1997இல் வேலையைத் தொடங்கிய அமைப்பு இது. பழைய வழக்குகள் எல்லாம் இந்த வழியாகத்தான் போகின்றன.

மன்னிப்பு கேட்பதற்கு இப்படிப் பட்டியல் எதுவும் இல்லை. ஆனால் முழு மன்னிப்புக்கு ஒரு வழக்கம் இருக்கிறது: அந்த நபர் நிரபராதியாக இருக்க வேண்டும், கேட்பவர் குடும்பத்தவர் போல் உரிய அக்கறை உள்ளவராக இருக்க வேண்டும். டியூரிங்குக்கு 2013 டிசம்பரில் மன்னிப்பு வழங்கியபோது, இந்த இரண்டும் இல்லாமல் தருவது தனி விதிவிலக்கு என்று அரசே சொன்னது. அதை முன்னுதாரணமாக வைத்து உங்கள் வழக்கைக் கட்டாதீர்கள்.

உறவை நிரூபிக்கப் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள் வேண்டும். பொதுப் பதிவு அலுவலகத்திடம் கேட்டால் நகல் தருவார்கள். அப்புறம், குடும்பத்தில் ஒருவரை மட்டும் தொடர்பு ஆளாக வையுங்கள். சித்தப்பா ஒரு கடிதம், அத்தை மகள் ஒரு கடிதம் என்று தனித்தனியே போனால் வழக்கு குழம்பிவிடும். யாருக்காவது இந்தப் பழைய விஷயத்தைக் கிளறப் பிடிக்கவில்லை என்றால் இப்போதே பேசிவிடுங்கள். செய்தி வெளியே வந்த பிறகு அந்தப் பேச்சு இன்னும் கடினமாகிவிடும்.

காகிதங்களைத் தேடுதல்

இதுதான் பெரிய வேலை. அழுகையும் கோபமும் வரும் வேலையும் இதுதான். ஆனால் வழக்கு ஜெயிப்பதும் இங்கேதான்.

காப்பகத்துக்குப் போகும் முன் வீட்டில் தொடங்குங்கள். அந்த மனிதரை நேரில் அறிந்தவர் யாராவது உயிரோடு இருந்தால், இந்த வாரமே போய்ப் பேசிப் பதிவு செய்யுங்கள். கைபேசியில் பதிந்தால் போதும். தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லவையுங்கள்.

ஹாரி ஃபாரின் வழக்கில் இதன் அருமை தெரியும். மேற்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் சிப்பாய். 25 வயது. முன்னணிக்குப் போக மறுத்ததைக் கோழைத்தனம் என்று சொல்லி 1916 அக்டோபர் 18 அன்று விடியற்காலையில் சுட்டார்கள். ராணுவ நீதிமன்ற விசாரணை முடிய ஏறக்குறைய இருபது நிமிடம்தான் ஆனது. அவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. அதற்கு முந்தைய வருடம் குண்டு வெடிப்பின் அதிர்ச்சியால் ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தவர் அவர். அப்போது கை நடுக்கத்தால் பேனா பிடிக்க முடியாமல், மனைவிக்கு அவர் அனுப்பிய கடிதங்களை ஒரு நர்ஸ்தான் எழுதிக்கொடுத்தார். மனைவியின் நினைவிலிருந்து குடும்பத்துக்கு வந்த சேதி அது. விசாரணை ஏட்டில் இல்லாத மருத்துவச் சான்று ஒரு பெண்ணின் நினைவில் இருந்தது.

ஆகவே பாட்டி சொல்வதை "அது சும்மா பேச்சு" என்று தள்ளாதீர்கள். எழுதி வையுங்கள், பிறகு காகிதத்தோடு ஒப்பிடுங்கள்.

இனி கியூ. அசல் ஆவணங்களைப் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். அடையாளச் சான்றுகளைக் காட்டினால் இலவசமாகத் தருவார்கள். உள்ளே பென்சில் மட்டும்தான், பேனா கூடாது. கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்தே காப்பகத்தின் பட்டியலில் பெயரைத் தேடி, கோப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பெயரின் எழுத்துக்களை மாற்றி மாற்றித் தேடுவது முக்கியம். நம் பெயர்களையும் சோமாலி, யேமனி மாலுமிகளின் பெயர்களையும் அந்தக் கால எழுத்தர்கள் தங்களுக்குக் கேட்டபடிதான் எழுதியிருக்கிறார்கள்.

எந்தத் தொகுப்பில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். போர்க்கால ராணுவ வழக்கானால் டபிள்யூ.ஓ. 71. முதல் உலகப் போரில் சுடப்பட்டவர்களின் விசாரணைக் கோப்புகள் அதில் இருக்கின்றன. மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு குறைக்கப்பட்டவர்கள் மூவாயிரம் பேர் அளவில் உண்டு. அவர்களுடைய முழுக் கோப்பு பெரும்பாலும் இருக்காது, டபிள்யூ.ஓ. 213 பதிவேட்டில் ஒரு வரி கிடைக்கலாம். வீரர்களின் பணிப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பரில் குண்டு விழுந்து எரிந்துபோயின. மிஞ்சியவை கருகிய விளிம்புகளோடு டபிள்யூ.ஓ. 363இல் இருக்கின்றன. கிடைக்கவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம், படைப்பிரிவின் நாட்குறிப்பு டபிள்யூ.ஓ. 95இல் இருக்கும்.

சாதாரணக் குற்ற வழக்கானால் மாவட்டப் பெருநீதிமன்றக் கோப்புகள் ஏ.எஸ்.எஸ்.ஐ. தொகுப்புகளில் இருக்கும். உள்துறையின் கோப்புகள் எச்.ஓ. 144இலும் அதற்குப் பின் வந்த தொகுப்புகளிலும், சிறைத்துறைக் கோப்புகள் பி.சி.ஓ.எம். 9இலும் இருக்கும். லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான விசாரணை அறிக்கைகளை இணையத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். நீதிமன்றக் கோப்பு காணாமல் போயிருந்தால் உள்ளூர் நாளிதழ்கள் கைகொடுக்கும். அந்தக் காலத்துச் செய்தியாளர்கள் சாட்சிகள் சொன்னதை வரிக்கு வரி எழுதினார்கள்.

சில கோப்புகளில் "மூடப்பட்டது" என்று இருக்கும். அதோடு திரும்பிவிடாதீர்கள். தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக 20 வேலை நாட்களில் பதில் தர வேண்டும். உள்ளே பெயர் வரும் ஆட்கள் உயிரோடு இருக்கலாம் என்ற காரணத்தால் மூடியிருந்தால், அவர்கள் இறந்ததற்கான சான்றைக் காட்டினால் வழி திறக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான், இறந்தவரைப் பற்றி அதைக் காட்டி மறுத்தால் கேள்வி கேளுங்கள்.

படிக்கும்போது கோப்பில் எதைத் தேடுவது? முதலில் தேதிகள். ஒரு சாட்சி முதல் நாள் சொன்னதையும் நீதிமன்றத்தில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு, குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்குக் கொடுக்கப்படாத வாக்குமூலங்கள். கார்டிஃப் நகரில் தூக்கிலிடப்பட்ட சோமாலி மாலுமி மஹ்மூத் ஹுசைன் மாட்டானின் வழக்கு திரும்பியதே இந்த இடத்தில்தான். கொலைக்களத்தின் அருகே அவரைப் பார்த்ததாகச் சொன்ன முக்கியச் சாட்சி, முதலில் காட்டிய அடையாளம் வேறொரு சோமாலி மனிதருடையது. அந்த விவரம் மாட்டானின் வக்கீலுக்குப் போகவில்லை. மாட்டானின் சொந்த வக்கீலே இறுதி வாதத்தில் அவரைப் பாதி நாகரிகமடைந்த காட்டுமிராண்டி என்று பேசினார். 1952 செப்டம்பர் 3 அன்று தூக்கிலிட்டார்கள். அவரைப் பார்க்க வந்த மனைவி லாரா, சிறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டார். மூன்று ஆண்பிள்ளைகள். 1998 பிப்ரவரி 24 அன்று தீர்ப்பு ரத்தானது. மறுஆய்வு ஆணையம் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பிய முதல் வழக்கு அதுதான்.

மறுஆய்வு ஆணையத்துக்கு எழுதுவது

கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. படிவத்தை இணையத்திலோ தபாலிலோ அனுப்பலாம். ஆணையம் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கும் என்பதற்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறதா? அதற்கு, விசாரணையிலோ முந்தைய மேல்முறையீட்டிலோ எழாத ஒரு புதிய சான்று அல்லது புதிய வாதம் வேண்டும். ஜூரிகள் தவறாக முடிவெடுத்தார்கள் என்று பழைய சான்றையே திரும்பச் சொன்னால் போதாது.

எனவே கடிதத்தின் முதல் பக்கத்திலேயே புதிது என்ன என்று எழுதுங்கள். "இன்ன கோப்பில், இன்ன தேதியிட்ட இந்த வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்குத் தரப்படவில்லை" என்று. அந்த ஒரு வரிக்குப் பின்னால்தான் குடும்பத்தின் துயரம் வர வேண்டும். நிறையக் குடும்பங்கள் பத்துப் பக்கம் வேதனையை எழுதி, பதினோராம் பக்கத்தில் சான்றை வைக்கிறார்கள். அந்த வேதனை உண்மைதான். ஆனால் படிக்கிற அதிகாரிக்கு முதலில் பிடி கிடைக்க வேண்டும்.

உங்களால் எடுக்க முடியாத ஆவணம் எங்கோ இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். காவல்துறை போன்ற பொது அமைப்புகளிடமிருந்து ஆவணங்களைக் கேட்டு வாங்கும் சட்ட அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. 2016 முதல் தனியார் அமைப்புகளிடமிருந்தும் நீதிமன்ற உத்தரவின் மூலம் பெற முடியும்.

பென்ட்லி தீர்ப்பில் உங்களுக்கு உதவக்கூடிய ஒரு கோட்பாடு இருக்கிறது. எது குற்றம் என்பதை அந்தக் காலச் சட்டத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் விசாரணை நியாயமாக நடந்ததா, நீதிபதி ஜூரிகளுக்குச் சரியாக எடுத்துச் சொன்னாரா என்பதை இன்றைய அளவுகோலால் பார்ப்பார்கள். ஆகவே "இன்று இருந்தால் இது குற்றமே இல்லை" என்ற வாதம் இங்கே எடுபடாது. "விசாரணை இன்றைய நியாயத்துக்கு முன் நிற்காது" என்பது எடுபடும். காதலனைச் சுட்டுக்கொன்றதற்காக 1955இல் தூக்கிலிடப்பட்ட ரூத் எல்லிஸின் மேல்முறையீடு 2003இல் தோற்றது முதல் வகைச் சிக்கலால்தான். காதலனின் அடி உதையைத் தாங்கி வந்த பெண்ணின் நிலையை இன்றைய சட்டம் வேறு கண்ணால் பார்க்கும், அன்றைய சட்டத்தில் அதற்கு இடம் இல்லை. தூக்கிலிடுவதற்கு முன் அவர் மேல்முறையீடே செய்யவில்லை என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். முன்பு மேல்முறையீடு செய்யாத வழக்கானால் ஆணையம் தனிச் சூழ்நிலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும். அன்று ஏன் செய்யவில்லை என்பதை நீங்களே விளக்கிவிடுங்கள்: பணம் இல்லை, மொழி தெரியவில்லை, வக்கீல் வேண்டாம் என்றார், எதுவாக இருந்தாலும்.

பதில் வர வருடக்கணக்கில் ஆகலாம். சிறையில் இருப்பவர்களின் வழக்குகள் முன்னால் போகும், அது சரிதான். உதவி வேண்டுமானால் சில சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் இப்படிப்பட்ட வழக்குகளைப் படிக்கிறார்கள். கார்டிஃப் பல்கலைக்கழக மாணவர்களின் உழைப்பால் 2014இல் ஒரு கொலைத் தீர்ப்பே ரத்தாகியிருக்கிறது.

மன்னிப்புதான் பொருத்தம் என்றால்

நீதித்துறை அமைச்சருக்கு நேரடியாக எழுதலாம். குறிப்பிட்ட படிவம் தேவையில்லை. யார், எப்போது, எந்த நீதிமன்றம், என்ன தண்டனை, மேல்முறையீடு நடந்ததா, இப்போது ஏன் நீதிமன்றம் வழியாகப் போக முடியாது என்பதை வரிசையாக எழுதுங்கள். கடைசிக் கேள்விதான் அமைச்சகம் முதலில் கேட்பது. முழு மன்னிப்பா, தண்டனையைக் குறைத்துக் காட்டும் நிபந்தனை மன்னிப்பா என்பதையும் குறிப்பிடுங்கள். தண்டனை மட்டும்தான் அநியாயம் என்றால் இரண்டாவதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுத்தால்

மறுப்பார்கள். முதல் பதில் பெரும்பாலும் மறுப்பாகத்தான் இருக்கும். மாட்டானின் வழக்கில், சாட்சி சொன்ன அதே ஆள் 1969இல் தன் மகளையே கொல்ல முயன்றதற்காகத் தண்டிக்கப்பட்டான். அதைக் காட்டிக் கேட்டபோதும் உள்துறை மறுத்தது. சுடப்பட்ட வீரர்களுக்கு மன்னிப்பு இல்லை என்று 1993இல் பிரதமர் ஜான் மேஜர் சொன்னார். 1998இல் வருத்தம் தெரிவித்தார்களே தவிர மன்னிப்பு தரவில்லை. டியூரிங்குக்காக 37,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனுவைக்கூட 2012இல் மறுத்தார்கள்.

மறுப்புக் கடிதத்தில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சட்டப்படி தவறான காரணம் என்றால் உயர் நீதிமன்றத்தில் நீதித்துறை மறுஆய்வு கேட்கலாம், அதாவது அரசின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிபதியைப் பார்க்கச் சொல்லலாம். தாமதிக்கக் கூடாது. அதிகபட்சம் மூன்று மாதம்தான் கெடு, இதற்கு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. ஃபாரின் குடும்பம் இப்படித்தான் 2005இல் நீதிமன்றம் போனது. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அரசாங்கம் மனம் மாறி, 2006 ஆகஸ்டில் எல்லாருக்குமான மன்னிப்பை அறிவித்தது. மூன்று வயதில் அப்பாவை இழந்த மகளுக்கு அப்போது 93 வயது. அப்பா இறந்த பிறகு ஓய்வூதியம் நிறுத்தப்பட்டுத் தாயோடு தெருவுக்கு வந்த பிள்ளை அவர். அந்த அறிவிப்பைக் காதால் கேட்க உயிரோடு இருந்தார்.

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் பார்ப்பதும் பலன் தரும். நீங்கள் எழுதினால் கிளைப் பிரிவிலிருந்து பதில் வரும், அவர் எழுதினால் அமைச்சர் கையெழுத்திட்டுப் பதில் வரும். நாடாளுமன்றத்தின் இணைய மனுவுக்கு 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் சொல்லும், 100,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப் பரிசீலிப்பார்கள். ஒரே ஒரு குடும்பத்தின் வழக்குக்கு அந்த எண்ணிக்கை கடினம். அதே போன்ற அநியாயத்துக்கு ஆளான மற்றக் குடும்பங்களைத் தேடிச் சேர்ந்துகொண்டால் நிலைமை மாறும். சுடப்பட்ட வீரர்களின் குடும்பங்கள் அப்படித்தான் ஒன்றுசேர்ந்தன.

கிடைத்த பிறகு

சிலவற்றை உடனே செய்ய வேண்டும். புதிதாக வெளிவந்த உண்மையால் தீர்ப்பு ரத்தானாலோ, மன்னிப்பு கிடைத்தாலோ 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 133ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கேட்கலாம். இறந்தவர் சார்பில் அவருடைய சட்டப் பிரதிநிதி கேட்க வேண்டும். கெடு இரண்டு ஆண்டு. 2014 முதல் நிபந்தனை கடுமையாகிவிட்டது: அந்தக் குற்றத்தை அவர் செய்யவில்லை என்பது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும். மாட்டானின் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் 2001இல் 725,000 பவுண்டு கொடுத்தது அதற்கு முந்தைய காலம். தபால் நிலைய வழக்குகளுக்கு மட்டும் தனி இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அதில் சட்டப் பிரதிநிதியும் கேட்கலாம்.

உடல் எங்கே இருக்கிறது என்பதும் ஒரு கேள்வி. தூக்கிலிடப்பட்டவர்களைச் சிறை வளாகத்துக்குள்ளேயே புதைத்துவிடுவது அந்தக் கால வழக்கம். வேறு இடத்தில் அடக்கம் செய்ய அரசின் அனுமதி கேட்கலாம். மாட்டானின் குடும்பம் தீர்ப்பு ரத்தாவதற்கு முன்பே, 1996இல், அனுமதி வாங்கிச் சிறையிலிருந்து எடுத்து மயானத்தில் அடக்கம் செய்தது. ஆகவே தீர்ப்புக்காக இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மன்னிப்பு ஆணையின் நகலை வாங்கி, அவருடைய கோப்பில் சேர்த்திருக்கிறார்களா என்று காப்பகத்தில் கேளுங்கள். 2006இல் மன்னிக்கப்பட்ட வீரர்களின் டபிள்யூ.ஓ. 71 கோப்புகளில் பாதுகாப்பு அமைச்சரின் கையெழுத்தோடு ஒரு தாள் வைக்கப்பட்டது. அந்த வீரரும் போரால் பலியானவர்களில் ஒருவர், சுடப்பட்டிருக்க வேண்டியவர் அல்ல என்று அதில் எழுதியிருக்கிறது. இனி அந்தக் கோப்பைப் பிரிக்கும் யாரும் தண்டனை ஏட்டோடு அந்தத் தாளையும் படிக்க வேண்டியிருக்கும். உங்களுடையவரின் கோப்பில் அது இல்லையென்றால், சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.